விட்டு விட்டு ஓடிய கோடு

கண் ஆபரேஷன் முடிந்து மைக்ரான் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்று தெரிந்ததும் அவருடைய தம்பி பட்டறைக்கு ஓடினான். தலையணையில் முகத்தைப் புதைத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தால் கழுத்து போய்விடும். அதனால் பழைய இரும்புக் குழாய்களை அறுத்து, வளைத்து, வெல்டிங் வைத்து, கட்டிலின் தலைமாட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு சட்டம் செய்துகொண்டு வந்தான். சட்டத்தின் நுனியில் குதிரை லாடம் போல ஒரு வளையம். அதற்குப் பஞ்சு வைத்து ரெக்ஸின் சுற்றித் தைத்தது அண்ணி, மைக்ரானின் மனைவி. நெற்றியும் இரண்டு கன்னமும் வளையத்தில் பதிந்துகொள்ளும். மூக்குக்கும் வாய்க்கும் கீழே காற்று வரும். தம்பி ஆஸ்பத்திரியில் விலை விசாரித்துவிட்டு வந்த சாதனத்தைவிட இது உறுதியாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தம்பியைக் கட்டிப் பிடித்திருப்பார்கள். மைக்ரான் முகத்தை வைத்துப் பார்த்தார், கையால் வளையத்தைத் தடவினார், "இடது பக்கம் ஒரு நூல் அளவு தாழ்ந்திருக்குடா" என்றார்.

இதனால்தான் அவருக்கு அந்தப் பெயர். ஒரு தலைமுடியின் பருமனை எத்தனையோ கூறு போட்டால் வருகிற அளவு மைக்ரான். லேத் மெஷினில் இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, சீவிச் சீவி, கேட்ட அளவுக்குக் கொண்டு வருவது அவர் தொழில். மற்றவர்கள் போதும் என்று இறக்கி வைக்கிற இடத்தில் அவருக்கு வேலை ஆரம்பிக்கும். பட்டறையில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியும், "மைக்ரான் வந்துட்டாரு, எல்லாரும் ஒதுங்குங்க" என்பாள். இப்போது அப்படிச் சொல்லிக் கேலி செய்ய அவளுக்கு வாய் வரவில்லை.

இடது கண் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மெஷினிலிருந்து ஒரு இரும்புச் சுருள் தெறித்து வந்து கொண்டுபோனது. மிச்சம் இருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு மைக்ரானும். அந்த வலது கண்ணில் ஒரு நாள் மூக்கின் பக்கமாக ஒரு கறுப்புத் திரை எழுந்தது. மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டியூப் லைட் சரியில்லை என்று சொல்லி லைட்டை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அப்புறம் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் இருந்து வேலை பார்த்தார். திரை நடுக்கண்ணுக்கு வந்து, டீ டம்ளர் என்று நினைத்து எண்ணெய்க் குவளையை எடுத்தபோதுதான் தம்பிக்கு விஷயம் புரிந்தது. கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கிற படலம் பிரிந்துவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். யாரும் முடிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு இருட்டு அறையில் மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் டாக்டரம்மா, "இந்தப் படத்தை வச்சு பார்வை எவ்வளவு திரும்பும்னு முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடியும். சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

மைக்ரான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எங்கிட்ட வேணாம் டாக்டர். எதுவா இருந்தாலும் இவகிட்ட சொல்லுங்க. நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லி, கதவு என்று நினைத்து அலமாரியைப் பிடித்தார். நர்ஸ் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள்.

அவர் மனைவி ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். படிப்பு அதிகம் இல்லை. ஆனால் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டியதும், வாயால் ஒரு வார்த்தை வருவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. கேக்கை வெட்டிப் பார்த்தால் அடுக்கு தெரிகிற மாதிரி கண்ணின் பின்சுவர் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. அதில் ஒரு கோடு. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு யாரோ ஒருவருடைய நல்ல கண்ணின் படம். அங்கே அந்தக் கோடு வெள்ளை நூல் போட்டுத் தைத்தது மாதிரி ஒரே ஓட்டமாக ஓடியது. இவருடைய கண்ணில் கொஞ்சம் ஓடி, விட்டு, கொஞ்சம் ஓடி, விட்டு, நடுவில் நிறையவே விட்டிருந்தது. ஊசி இறங்கியும் நூல் பிடிக்காமல் போன தையல். அப்படி ஒரு காலர் வந்தால் செக்கிங்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடுவார்கள்.

"வெளிச்சத்தை வாங்கிக்கிற செல்லுங்க இருக்கிற இடம் இது" என்றாள் டாக்டரம்மா. "இதே மாதிரி ஆயிரக்கணக்கான கண்ணோட படத்தை இந்த கம்ப்யூட்டருக்குக் காட்டியிருக்காங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்கு எவ்வளவு பார்வை வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லியிருக்காங்க. அதை வச்சு இது ஒரு கணக்குப் போடுது."

"என்ன சொல்லுது?"

"படலம் திரும்ப ஒட்டிக்கும். அதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நுணுக்கமான பார்வை வர வாய்ப்பு ரொம்பக் குறைச்சல்னு சொல்லுது. ஆள் நடமாட்டம், வாசல், படி, இதெல்லாம் தெரியும். படிக்கிறது, அளவு பார்க்கிறது, அதெல்லாம் கஷ்டம்மா."

"அப்ப எதுக்கு டாக்டர் ஆபரேஷன்?"

"பண்ணலைன்னா இதுவும் போயிடும். பண்ணிட்டு, கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழி வைப்போம். அது மேல எழும்பி படலத்தைச் சுவரோட அழுத்திப் பிடிக்கணும்னா அவர் தரையைப் பார்த்தே இருக்கணும். சாப்பிடறப்பவும், தூங்கறப்பவும். நடுவுல எழுந்து நிமிர்ந்துட்டார்னா திரும்பப் பிரிஞ்சிரலாம். அப்புறம் முழு இருட்டுதான்."

"மெஷின் தப்பாச் சொல்லாதா?"

"சொல்லும். எனக்கே தப்பாச் சொல்லியிருக்கு." டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவள். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மெஷின் இல்லாம நான் இந்தப் படத்தைப் பார்த்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

வெளியே பெஞ்சில் மைக்ரான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவளும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காதவரிடம் எதைச் சொல்வது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் எல்லாம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருகிறவரைதான். தரையைப் பார்த்துக் கிடக்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை? குமிழி கண்ணுக்குள் இருக்கிறவரை எதுவும் தெளிவாகத் தெரியாது, வெளிச்சமும் நிழலும்தான். மழைக்காலம் வேறு. தகரக் கூரையில் பொழுது பூராவும் கொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சியை உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தாள். முட்டையை மசித்து, அவள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வளையத்துக்குக் கீழிருந்து ஊட்டிவிட்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இப்படி முகத்துக்கு நேர் முகமாக இருவரும் சாப்பாட்டு நேரத்தில் இருந்ததே இல்லை.

பட்டறை முதலாளி ஒரு நாள் பார்க்க வந்தார். கனத்த உடம்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முதுகோடு பேசிப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, "உன் மெஷினை யாரும் தொடலைய்யா. துணி போட்டு மூடி வச்சிருக்கேன். நீ வந்துதான் எடுக்கணும்" என்றார். நல்ல மனிதர். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவரை எழுப்பி நிறுத்த தம்பியும் இவளும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் போன பிறகு மைக்ரான் முதல் முறையாகக் கேட்டார்.

"அன்னைக்கு டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நல்லா வரும்னாங்க."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாதான்."

"அது என்ன அளவு? ஒரு சாமான் செஞ்சு குடுத்து நல்லா இருக்குன்னா யாராவது வாங்குவானா? இவ்வளவு இருக்கணும், இதுக்கு மேல போகக் கூடாது, கீழ போகக் கூடாதுன்னு ஒன்னு இருக்கும்ல?"

"கண்ணு என்ன இரும்பா? பேசாம படுங்க."

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். இவள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது தேய்ந்துபோகும். அவருக்குக் காது மட்டும்தான் இப்போது மிச்சம், அதில் அவர் மைக்ரான் கணக்கில் அவள் குரலை அளந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் அவள் பின்பக்கம் போய்த் துணியைப் பிழிந்து உலர்த்த இடம் தேடிவிட்டு உள்ளே வந்தால், மனிதர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முகம் கூரையைப் பார்த்திருந்தது. கன்னத்தில் வளையத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"ஐயோ! என்ன பண்றீங்க? குனிங்க! குனிங்கன்றேன்!"

"வீண்தானே?"

"எது வீண்?"

"இப்படிப் பன்னி மாதிரி மூக்கைத் தரையில வச்சுக்கிட்டுக் கிடக்கிறது. வீண்தானே? நல்லா வரும்னு சொல்றவ ஏன் அடுப்படியில போய் அழறே? மழைச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சியா?"

அவள் அவர் பின்தலையில் கையை வைத்து அழுத்தினாள். மனிதர் அசையவில்லை. இரும்போடு மல்லுக்கு நின்ற கழுத்து. உள்ளே அந்தக் குமிழி இந்நேரம் எங்கே உருண்டு போயிருக்கும், படலம் எந்த மூலையில் பிய்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாலே தலை சுற்றியது.

"உங்க கால்ல விழறேன். குனிங்க. குனிஞ்சுக்கிட்டு என்ன வேணா கேளுங்க."

"படத்தைச் சொல்லு."

"என்ன படம்?"

"நீ பார்த்தல்ல? நல்லது கெட்டது எதுவும் சொல்ல வேணாம். என்ன இருந்துச்சோ அதை மட்டும் சொல்லு. நான் பார்த்துக்கறேன். எத்தனை டிராயிங் பார்த்திருக்கேன்."

"குனிங்க, சொல்றேன்."

குனிந்தார். முகம் வளையத்தில் பதிந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஆள்காட்டி விரலைப் பிடித்து, சிமெண்டுத் தரையில் மெதுவாக இழுத்தாள்.

"அடுக்கு அடுக்கா இருந்துச்சு. வெட்டிப் பார்த்த மாதிரி."

"ம். குறுக்குவெட்டு. சரி."

"மேல ஒரு பட்டை இப்படி, மேடு பள்ளமாப் போகுது. அதுக்குக் கீழ ஒரு கோடு. அதுதான் முக்கியமாம்."

"அந்தக் கோடு எப்படி இருந்துச்சு?"

இங்கேதான் அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும். விரலை ஒரே இழுப்பாக இழுத்து விட்டிருந்தால் தீர்ந்தது. அவளால் முடியவில்லை. இத்தனை நாளும் பொய் சொல்லி வாய் அலுத்துப்போயிருந்தது. கை தன் போக்கில் வேலை செய்தது. விரலைக் கொஞ்ச தூரம் இழுத்தாள், தூக்கினாள், தள்ளி வைத்தாள், இழுத்தாள், தூக்கினாள். நடுவில் நிறைய தூரம் தூக்கியே கொண்டுபோனாள்.

"தூக்கித் தூக்கி வைக்கிறியே, அங்க கோடு இல்லையா?"

"இல்லை."

"விட்டு விட்டு இருந்துச்சா?"

"ஆமா. விட்டு விட்டுதான் இருந்துச்சு."

மைக்ரானுடைய முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட பைத்தியமே! இதுக்கா இத்தனை நாளா மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தே?"

"என்னங்க?"

"ஒரு சாமானை டிராயிங்ல போடறப்போ கண்ணுக்குத் தெரியற விளிம்பை முழுக் கோடாப் போடுவான். உள்ள இருக்கும், ஆனா முன்னாடி எதாவது மறைச்சுக்கிட்டு இருக்கும், அதை எப்படிப் போடுவான்? விட்டு விட்டுப் போடுவான். பட்டறைக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைத்தான் சொல்லிக் குடுப்பாங்க. விட்டு விட்டு இருந்தா இல்லைன்னு அர்த்தம் இல்லை. இருக்கு, மறைஞ்சிருக்கு. அதை இல்லைன்னு நினைச்சு வேலையை ஆரம்பிச்சவன் சாமானைக் கெடுத்துட்டு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்குவான்."

"நிஜமாவா?"

"பின்ன? படலம் பிரிஞ்சு முன்னாடி வந்து மறைச்சுக்கிட்டு இருக்கு. ஒட்டிக்கிச்சுன்னா கோடு முழுசாத் தெரியும். அவ்வளவுதான் சங்கதி."

அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்து, அப்படி இல்லைங்க, டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளும் அதை நம்ப ஆசைப்பட்டாள். அவள் தொழிலில் அது விட்டுப்போன தையல். அவர் தொழிலில் அது மறைந்திருக்கிற விளிம்பு. டாக்டரம்மாவுக்கு வேண்டுமானால் ஒரு மெஷின் இருக்கட்டும், இவரும் வாழ்நாள் பூராவும் மெஷினோடு இருந்தவர்தானே என்று அவளுடைய புத்தி எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தது. முங்குகிறவளுக்கு அப்போது கையில் கிடைத்தது அதுதான்.

சாயங்காலம் தம்பி வந்தான். அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டு, டீ போட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்னது, கம்ப்யூட்டர் சொன்னது, கடைசியில் அண்ணன் சொன்னது.

"நீயும் டிராயிங் பார்க்கிறவன்தானே? அவர் சொல்றது சரியா?"

தம்பி டம்ளரை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. "டிராயிங்னா சரி அண்ணி."

"அப்புறம் என்ன?"

"டிராயிங்கை ஒருத்தன் வரையறான். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன். அதனால மறைஞ்சதையும் போடறான்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "இது போட்டோதானே அண்ணி. போட்டோவுல யாரு வரைஞ்சா? இருந்தா விழும். இல்லைன்னா விழாது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்க மறந்து நின்றாள். தம்பிதான் கையை நீட்டி அணைத்தான்.

"இது அண்ணனுக்கு ஏன் தோணலை?"

"தோணும். அவருக்குத் தோணாம எனக்குத் தோணுமா? தோண விடலை, அவ்வளவுதான்." டம்ளரைக் கீழே வைத்தான். "சொல்லிடுங்க அண்ணி. பின்னால தெரிஞ்சா மனுஷன் தாங்க மாட்டாரு."

"சொன்னா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. இருக்கிற வெளிச்சமும் போயிடும். நீ பொறுப்பு ஏத்துக்கிறியா?"

தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, "நானும் அண்ணன்கிட்ட சொல்லலை" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு மைக்ரானைப் போல ஒரு நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்கும் கிடைத்திருக்க மாட்டான். கழுத்தில் சுளுக்கு விழுந்தது, முனகவில்லை. மூக்கு நுனியில் தோல் உரிந்தது, எண்ணெய் தடவச் சொன்னார். குளியலறைக்குப் போகும்போதும் நெஞ்சில் மோவாய் இடிக்கக் குனிந்தே நடந்து, நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டார். கெடு முடிந்துவிட்டது, இனி எழுந்து உட்காரலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, "எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் கிடக்கறேன்" என்றார். அவரைக் கெஞ்சி நிமிர்த்த வேண்டியிருந்தது.

நிமிர்ந்ததும், மேலே எழும்பிய குமிழி பார்வைக்குத் தலைகீழாகக் கீழ்ப்பக்கம் மிதப்பது தெரிந்தது. "கொத்தனார் சமம் பார்க்கிற ரசமட்டத்துல ஓடுமே, அந்த மாதிரி ஒரு குமிழிடி. தலையை ஆட்டினா அதுவும் ஆடுது" என்று குழந்தை மாதிரி தலையை ஆட்டிக் காட்டினார். நாளாக ஆகக் குமிழி சிறுத்தது. நடுவில் மட்டும் எல்லாம் சாம்பலாகக் கலங்கியே இருந்தது. குமிழி இருக்கிறவரை அப்படித்தான் இருக்கும் என்றார். குமிழி ஒரு கடுகளவு ஆனது. அப்போதும் அப்படித்தான் இருக்கும் என்றார். ஒரு காலையில் குமிழியைக் காணவில்லை. அன்றைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அவள் சரிசெய்யப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மறுபடியும் இருட்டு அறை, மோவாய்த் தாங்கி, படம். டாக்டரம்மா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அருமையா ஒட்டியிருக்கு" என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "குப்புற இருக்கிறதை இவ்வளவு ஒழுங்கா யாரும் பண்ணினதில்லை. பிரிஞ்ச இடம் பூராவும் படிஞ்சிருச்சு."

மைக்ரான் மனைவி இருக்கும் திசைக்குத் திரும்பி, "கேட்டியா?" என்றார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

சுவரில் எழுத்துப் பலகை வெளிச்சமாக எரிந்தது. உச்சியில் ஒரே ஒரு எழுத்து, கதவுப் பூட்டு அளவுக்கு. டாக்டரம்மா படிக்கச் சொன்னாள். மைக்ரான் கழுத்தை நீட்டினார், சுருக்கினார், இமையை இடுக்கினார். கண்ணீர் வழிந்தது. டாக்டரம்மா கிட்டே வந்து விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டாள். அவர் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கப் போனார். "தொடாம" என்றாள் டாக்டரம்மா மெதுவாக.

"குமிழி இன்னும் கொஞ்சம் இருக்கு போல, டாக்டர்."

"குமிழி போயிடுச்சுங்க."

"படத்தைப் பாருங்க. அந்தக் கோடு, இப்ப முழுசா வந்திருக்கும்."

டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். மனைவி பார்க்கவில்லை. தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு."

"விட்டு விட்டா?"

"ஆமா."

"சரி. அப்ப இன்னும் மறைஞ்சிருக்கு. எது மறைக்குது டாக்டர்? அதை எடுத்துட்டா?"

டாக்டரம்மாவுக்கு அவர் என்ன கேட்கிறார் என்று புரியவில்லை. அவள் டிராயிங் படித்தவள் இல்லையே. "எதுவும் மறைக்கலைங்க. கோடு விட்டிருக்கிற இடத்துல செல்லுங்க இல்லை. போயிடுச்சு. அதனாலதான் நடுப்பார்வை வரலை. ஓரத்துல இருக்கிறது நிக்கும், அதைக் காப்பாத்திட்டோம்." நிறுத்திவிட்டு, அவளும் ஒரு மனுஷி ஆனதால், ஆறுதலாகச் சொல்ல நினைத்துச் சொன்னாள். "இதை நான் உங்க வீட்டம்மாகிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லியிருந்தேனே."

மைக்ரான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். கோபம் வந்தால் கத்துகிறவர்தான். கத்தவில்லை. "ஓ" என்றார். எழுந்தார். இந்தத் தடவை கதவைச் சரியாகக் கண்டுபிடித்து வெளியே போனார்.

நடையின் கோடியில் ஒரு பெரிய ஜன்னல். அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சு. அவர் போய் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணில் பஞ்சு இருந்தது.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் விட்டு விட்டுன்னா மறைஞ்சிருக்குன்னு அர்த்தம்னு சொன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும். இல்லை, அப்போ கொஞ்ச நேரம் நானும் நம்பினேன். தம்பிதான் போட்டோ வேற டிராயிங் வேறன்னான்."

"அவனுக்கும் தெரியுமா? நல்லா இருக்கு. ஊருக்கெல்லாம் தெரியும், குப்புறக் கிடக்கிறவனுக்கு மட்டும் தெரியாது." குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "துணி போட்டு மூடி வச்சிருக்கேன்னு அந்த மனுஷன் தரையில உக்காந்து சொல்லிட்டுப் போனாரே. நான் அங்க படுத்துக்கிட்டு, முதல்ல எந்த வேலையை எடுக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீ எனக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தே."

"சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பீங்க."

"எந்திரிச்சிருப்பேன்."

"இந்த வெளிச்சமும் போயிருக்கும்."

"போயிருக்கட்டும்! என் கண்ணு, நான் தொலைச்சிருப்பேன். உன்னை யாரு கேட்டா?"

பேசும்போதும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. முகத்தை வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பி, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு திட்டியிருந்தாலும் இதுவரை முகம் பார்த்துத்தான் திட்டியிருக்கிறார். இனி இந்த மனிதர் தன் முகத்தையே பார்க்கப் போவதில்லை என்று நினைத்ததும் அத்தனை நாள் அடுப்படியில் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வராமல் அழப் பழகியிருந்தாள்.

"திட்டறதுன்னா என்னைப் பார்த்துத் திட்டுங்க" என்றாள் கைக்குள்ளிருந்தே. "அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு என்னைக் கொல்லாதீங்க."

"உன்னைப் பார்த்தா நீ காணாமப் போயிடறே" என்றார் மைக்ரான். "தலை இருக்க வேண்டிய இடத்துல சாம்பலா ஒரு ஓட்டை. அந்த ஜன்னல் கம்பியைப் பார்த்தேன்னாத்தான் ஓரத்துல நீ வர்றே."

அவள் முகத்தைப் பொத்தியபடியே அழுகையை நிறுத்தினாள்.

"முகத்தைப் பொத்திக்கிட்டு இருக்கே. தெரியுது" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "கையை எடு. நான் இன்னும் திட்டி முடிக்கலை."

அவள் கையை எடுத்தாள்.